‘இறுமாப்பு’ பாதிதான் சொல்கிறது

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் தமிழ் அழைப்புகளை எடுப்பவர்களுக்கான பயிற்சிப் பாடத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘ஹாட்டி டிஸ்டெயின்’ என்ற தொடர் ஐந்து இடங்களில் வருகிறது. நான் ‘ஆணவமான வெறுப்பு’ என்று போட்டேன். சரிபார்ப்பவர் அதை அடித்துவிட்டு ‘இறுமாப்பு’ என்று எழுதியிருக்கிறார். கணினி மொழிபெயர்ப்பு ‘அவமதிப்பு’ என்கிறது. அம்மா ‘எகத்தாளம்னு போடேன்’ என்கிறார். பக்கத்து வீட்டுத் தென்காசி அக்கா ‘இளக்காரம்’தான் சரி என்று அடித்துச் சொல்கிறார். கன்னடத் தோழி ஒருத்தியோ தங்கள் மொழியில் ‘தாத்ஸார’ என்ற ஒரு சொல்லே போதும் என்கிறாள். தமிழில் அப்படி ஒரு சொல் இல்லையா? ஐந்து இடத்திலும் ஒரே சொல்லைப் போடலாமா? ஐந்து வாக்கியங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐந்து இடத்திலும் ஒரே சொல் வேண்டாம். போட்டால் மூன்று இடத்தில் உதைக்கும்.

அந்த ஆங்கிலத் தொடருக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ‘ஹாட்டி’ தன்னைப் பற்றிய நினைப்பு, தான் உயர்ந்த ஆள் என்பது. ‘டிஸ்டெயின்’ எதிரில் நிற்பவரைப் பற்றிய நினைப்பு, அவர் மதிக்கத் தகாதவர் என்பது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிய பெயர்ச்சொல்தான் கைக்கு அகப்படாது. நீங்கள் கேட்ட ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னதும் அதனால்தான். ஒவ்வொருவரும் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். யாரும் முழுத் தவறில்லை, கணினியைத் தவிர.

எந்தச் சொல் எந்தப் பாதி என்று பார்க்க அகராதியைப் புரட்ட வேண்டாம். முன்னால் ‘என்னைக் கண்டால்’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘அவனுக்கு என்னைக் கண்டால் இளக்காரம்’ – காதில் சரியாக விழுகிறது. ‘அவனுக்கு என்னைக் கண்டால் அலட்சியம்’ – இதுவும் சரி. ‘அவனுக்கு என்னைக் கண்டால் இறுமாப்பு’ – ஒட்டவில்லை. ‘என்னைக் கண்டால் ஆணவம்’, ‘என்னைக் கண்டால் தலைக்கனம்’ – அறவே இல்லை. இறுமாப்பு, ஆணவம், அகந்தை, செருக்கு, தலைக்கனம் எல்லாம் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாலும் அவருக்குள் இருக்கக்கூடியவை. இன்னொரு ஆள் தேவையில்லை. இளக்காரம், அலட்சியம், ஏளனம் ஆகியவற்றுக்கு எதிரே ஓர் ஆளோ பொருளோ இருந்தே ஆக வேண்டும். உங்கள் சரிபார்ப்பவர் போட்ட ‘இறுமாப்பு’ முதல் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுபோகிறது. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் வாடிக்கையாளர் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் பாதியைச் சேர்ந்த சொற்கள் எப்போதும் கெட்டவை அல்ல. அப்பர் திருஅங்கமாலையில் இறைவன் திருவடியின் கீழ்ப் போய் ‘இறுமாந்து இருப்பன்கொலோ’ என்று ஏங்குகிறார். அங்கே இறுமாப்பு பக்தனின் நிறைவு. புதுமைப் பெண்ணுக்கு வேண்டும் என்று பாரதி பட்டியல் போடும்போது ‘திமிர்ந்த ஞானச் செருக்கும்’ என்கிறார். திமிர், செருக்கு இரண்டும் ஒரே மூச்சில் பாராட்டாக வருகின்றன. பெருமிதத்தின் கதை இன்னும் வேடிக்கை. 431ஆம் குறளில் ‘பெருக்கம் பெருமித நீர்த்து’ என்னும்போது அது நல்ல சொல். 979ஆம் குறளில் ‘பெருமை பெருமிதம் இன்மை’ என்னும்போது அதே சொல் ஆணவத்தைக் குறிக்கிறது. உங்கள் ஊர் அலசூர் ஏரிப் பக்கம் 2009இல் திறந்த சிலையாக நிற்கும் வள்ளுவரே ஒரு சொல்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பயன்படுத்தியிருக்கிறார். இன்றைக்கு ‘பெருமிதத்துடன் தெரிவித்தார்’ என்று செய்தியில் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடிய சொல்லைத் தனியாக வைத்துவிட்டுப் பயிற்சி எடுப்பவர் அதைக் குறையாகத்தான் படிப்பார் என்று நம்ப முடியாது. இறுமாப்பு போடுவதென்றால் பக்கத்தில் துணைக்கு ஒரு சொல் வேண்டும்.

முதல் பாதிக்கு மட்டும் ஒரு பெயர்ச்சொல் வேண்டுமென்றால் என் ஓட்டு ‘மேட்டிமை’க்கு. ‘ஹாட்டி’யின் வேர் உயரம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். மேட்டிமையின் வேர் மேடு. இரண்டும் ஒரே இடத்தில் நின்று பார்க்கின்றன: தான் மேட்டில், மற்றவர் பள்ளத்தில். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். நீதிமொழிகளில் ‘விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை’ என்று வருகிறது. விவிலியம் தெரியாதவர்களுக்கும் ‘மேட்டுக்குடி’ தெரியும் என்பதால் புரிவதில் சிக்கல் இல்லை. ஆணவத்தை நான் தவிர்ப்பதற்குக் காரணம் அதன் கனம். சைவ சித்தாந்தத்தில் அது மும்மலங்களில், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் மூன்று அழுக்குகளில், ஒன்று. ‘அணு’ என்பதிலிருந்து வந்தது. உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடுவது. தொலைபேசியில் ஒரு பையன் முறைப்பாகப் பேசியதற்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம்.

இனி இரண்டாவது பாதி. வேலை இருப்பது இங்கேதான்.

இளக்காரம் என்ற சொல்லுக்குள் இளக்கம் இருக்கிறது. ‘பிள்ளைக்கு ரொம்ப இளக்காரம் குடுக்காதே’ என்று சொல்லும் வீடுகளில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கெட்டியாக இல்லாததை அழுத்தினால் குழி விழும் அல்லவா? எதிராளி இளகியவர், எதிர்த்து எழ மாட்டார் என்ற கணக்கு இளக்காரத்துக்குள் மறைந்திருக்கிறது. ‘ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி’ என்ற பழமொழியும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. அதனால் இளக்காரம் எப்போதும் மேலிருந்து கீழே பாயும். காரணமும் பெரும்பாலும் கூடவே வரும்: ஏழை என்றால் இளக்காரம், கிராமத்துப் பேச்சு என்றால் இளக்காரம், பெண் என்றால் இளக்காரம். ‘மேனேஜரை இளக்காரமாகப் பார்த்தான்’ என்று எழுதினால், அந்த மேனேஜருக்கு அலுவலகத்தில் மதிப்பே இல்லை என்ற தகவலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறீர்கள்.

எகத்தாளம் வேறு சாதி. அதற்கு வாய் வேண்டும். பேச வேண்டும், குறைந்தபட்சம் சிரிக்கவாவது வேண்டும். இளக்காரமாக நினைக்கலாம், எகத்தாளமாக நினைக்க முடியாது. கூடவே, எகத்தாளம் கீழிருந்து மேலேயும் போகும். பத்து வயதுப் பிள்ளை தாத்தாவிடம் எதிர்த்துச் சொன்னால் ‘எகத்தாளத்தைப் பாரு’ என்போம். இளக்காரம் என்று சொல்ல மாட்டோம். உங்கள் அம்மா சொன்ன சொல்லும் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சொல்லும் வட்டார வேறுபாடு அல்ல, திசை வேறுபாடு. இரண்டு பேரும் மனதில் வேறு வேறு காட்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அலட்சியத்தில் சற்று எச்சரிக்கை தேவை. அது மூன்று வேலை பார்க்கிற சொல். ‘ஊழியரின் அலட்சியத்தால் பணம் தவறான கணக்குக்குப் போனது’ – கவனக்குறைவு. ‘மூட்டையை அலட்சியமாகத் தூக்கித் தோளில் போட்டான்’ – சிரமமே இல்லாமல், ஏறக்குறைய பாராட்டு. ‘அவர் சொன்னதை அலட்சியமாகக் கேட்டான்’ – மதியாமை. பயிற்சிப் பாடத்தில் ‘அலட்சியமாகப் பதில் சொல்லாதீர்கள்’ என்று எழுதினால் படிப்பவர் முதல் பொருளைத்தான் எடுப்பார்: தப்பான தகவல் கொடுத்துவிடாதே, கவனமாக இரு. அவர் கணக்கு எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அதே தொனியில் பேசிக்கொண்டிருப்பார். மதியாமையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் வினையாக்கி, செயப்படுபொருளைக் கொடுங்கள்: ‘வாடிக்கையாளரை அலட்சியப்படுத்தாதீர்கள்.’ ‘ஐ’ உருபு வந்த கையோடு கவனக்குறைவு என்ற பொருள் ஓடிவிடும்.

உதாசீனம் அலட்சியத்தை விடக் குளிர்ந்தது. வடமொழியில் ஒதுங்கி உட்கார்ந்திருத்தல்தான் அதன் பொருள். தமிழில் பதில் தராமல் புறந்தள்ளுவது. மனு, கடிதம், கோரிக்கை ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

உங்கள் ‘ஆணவமான வெறுப்பு’ ஏன் சரியில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். வெறுப்புக்குச் சூடு உண்டு. ஒருவரை வெறுக்க வேண்டுமென்றால் அவரைப் பற்றி நினைக்க வேண்டும், அவர் நமக்கு ஒரு பொருட்டாக இருக்க வேண்டும். டிஸ்டெயின் நேரெதிர்; எதிராளி பொருட்டே இல்லை. கணினி கொடுத்த ‘அவமதிப்பு’ ஒரு செயல், மனநிலை அல்ல. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் ‘நீதிமன்ற அவமதிப்பு’ என்று நிலைத்துவிட்டதால் இந்தச் சாயல் உள்ள எந்த ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் கணினி அங்கேயே போய் விழுகிறது. ஒருவரை மனதுக்குள் இளக்காரமாக நினைத்துக்கொண்டே வாய் நிறைய மரியாதையாகப் பேசலாம். அவமதிப்பு வெளியே தெரிந்தால்தான் அவமதிப்பு.

இப்போது உங்கள் ஐந்து வாக்கியங்கள்.

முதலாவதில், வாடிக்கையாளரின் கிராமத்துப் பேச்சைக் கேட்டதும் ஊழியரின் குரலில் ஹாட்டி டிஸ்டெயின் தெரிகிறது. காரணம் வெளிப்படையாக இருக்கிறது, திசை மேலிருந்து கீழே. ‘வாடிக்கையாளரின் பேச்சு வழக்கைக் கேட்டதுமே ஊழியரின் குரலில் இளக்காரம் தட்டியது.’ இங்கே ‘மேட்டிமையான’ என்று முன்னால் சேர்க்க வேண்டாம். இளக்காரமே மேட்டில் நின்றுகொண்டுதான் வருகிறது.

இரண்டாவதில் எரிச்சலூட்டுகிற ஒரு பதில் மேற்கோளாக இருக்கிறது: ‘அதெல்லாம் உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க, விடுங்க.’ இதற்குப் பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘எடுத்தெறிந்து பேசுதல்’ என்று தமிழில் ஒரு வினை தயாராக இருக்கிறது. என்னைக் கேட்டால் உங்கள் பாடம் முழுவதிலும் மிக அதிகமாகப் பயன்படப் போவது இதுதான். எடுத்து எறிகிறவர் தன் உயரத்தையும் காட்டிவிடுகிறார், எறியப்படுவது குப்பை என்பதையும் காட்டிவிடுகிறார். இரண்டு பாதியும் ஒரு கையசைவில் வந்துவிடுகின்றன. ‘ஊழியர் எடுத்தெறிந்து பேசினார்’ என்று எழுதினால் தொலைபேசியில் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கிளையில் நேரில் நடக்கும் காட்சி. விண்ணப்பத்தோடு வந்த பெரியவரை அலுவலர் ஹாட்டி டிஸ்டெயினோடு பார்க்கிறார். பார்வையைச் சொல்ல நம்மிடம் இருப்பது ‘ஏற இறங்கப் பார்த்தல்’. செருப்பிலிருந்து தலை வரைக்கும், மறுபடி செருப்பு வரைக்கும் போய்வரும் பார்வை அது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘சூப்பர்சீலியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் லத்தீனில் புருவம் இருக்கிறது. அவர்களுக்குப் புருவம் உயர்ந்தால் மேட்டிமை. தமிழில் புருவத்தை உயர்த்தினால் ஆச்சரியம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘புருவத்தை உயர்த்தியபடி பார்த்தார்’ என்று அப்படியே கொண்டுவந்தால் அலுவலர் பெரியவரைக் கண்டு வியந்ததாக ஆகிவிடும். இப்படி மாற்றுங்கள்: ‘அலுவலர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். நீட்டிய விண்ணப்பத்தைக் கையில் வாங்காமல், ஆள்காட்டி விரலின் நுனியால் அதை மேசை விளிம்புக்குத் தள்ளினார்.’ இரண்டாவது வாக்கியம் மூலத்தில் இல்லை என்று சரிபார்ப்பவர் ஆட்சேபித்தால் அதை எடுத்துவிட்டு ‘இளக்காரமாக’ என்ற ஒரு சொல்லை முதல் வாக்கியத்தில் சேர்த்தால் போதும்.

நான்காவதில் திசை மாறுகிறது. வாடிக்கையாளர் ஊழியரிடம், ‘நீங்க என்ன பெரிய கலெக்டரா?’ என்கிறார். இதுதான் அம்மாவின் சொல்லுக்கு உரிய இடம்: ‘என்று எகத்தாளமாகக் கேட்டார்.’ எகத்தாளம் பேச்சுவழக்காக இருக்கிறதே என்று நிறுவனம் தயங்கினால் ‘ஏளனமாக’ என்று மாற்றலாம். ஆனால் ஏளனத்தில் சிரிப்பு தூக்கலாகி, கேள்வியில் இருக்கும் வீம்பு குறைந்துவிடும். ‘எள்ளலாக’ என்று மட்டும் போடாதீர்கள். அது இப்போது எழுத்தாளர்களைப் பாராட்டப் பயன்படும் சொல்லாகிவிட்டது.

ஐந்தாவது, தேர்வுக் கேள்வி. ஊழியரின் தொனி எது என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருக்கிறார்கள்: இன்டிஃபரன்ஸ், டிஸ்டெயின், ஆங்கர், சர்காஸம். இங்கே அழகு முக்கியமில்லை, ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதுதான் முக்கியம். முதல் விடைக்கு ‘அலட்சியம்’ என்று போட்டால் படிப்பவர் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். இரண்டுமே சரி என்று வாதாடினாலும் நம்மால் மறுக்க முடியாது. அக்கறையின்மை, இளக்காரம், கோபம், குத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் தலைப்பிலும் ஒரு பெயர்ச்சொல் தேவைப்பட்டால் ‘மேட்டிமைத் தொனி’ என்று வைக்கலாம். ‘மேட்டிமையும் இளக்காரமும்’ என்று இரண்டையும் அருகருகே வைப்பதும் சரி. தலைப்பில் ஓர் ‘உம்’ கூடினால் குடி முழுகிவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. ‘திமிர்’ உங்கள் வரைவில் இரண்டு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. ‘ஊழியர் திமிராகப் பேசினார்’ என்று வாடிக்கையாளர் வாயில் வைத்தால் சரி, அப்படித்தான் ஜனங்கள் புகார் சொல்வார்கள். பாடம் எழுதுகிறவரின் சொந்தக் குரலில் அது வரக் கூடாது. திமிர் என்ற சொல் குனிந்திருக்க வேண்டியவர் நிமிர்ந்துவிட்டார் என்ற எரிச்சலில்தான் அதிகம் புழங்குகிறது. முதலாளி தொழிலாளியைப் பார்த்துச் சொல்கிற சொல், மாமியார் மருமகளைச் சொல்கிற சொல். ‘அவளுக்கு என்ன திமிர்!’ என்பதைக் கேட்டால், சொல்கிறவர் அவளை எந்தப் படியில் நிறுத்திவைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். நிறுவனமே தன் ஊழியர்களைப் பற்றி இப்படி எழுதினால், எதைத் தவிர்க்கச் சொல்லிப் பாடம் நடத்துகிறதோ அதையே தானும் செய்ததாகும்.

தோழி சொன்ன ‘தாத்ஸார’ கன்னடத்தில் நல்ல சொல்தான். ஆனால் அதுவும் மதியாமையை, புறக்கணிப்பைத்தான் சொல்கிறது. மேட்டிமைப் பாதிக்கு அவர்களும் ‘அகங்கார’, ‘திமாகு’ என்று வேறு சொல்லுக்குத்தான் போவார்கள். பெங்களூருத் தமிழில் இரண்டு மொழியும் உரசிக்கொண்டே இருப்பதால் சில சொற்களில் கால் வழுக்கும். கன்னடத்தில் ‘கொப்பு’ என்றால் கொழுப்பு, அகம்பாவம் இரண்டும். தமிழிலும் ‘கொழுப்பா உனக்கு?’ என்று கேட்கிறோம், எனவே அங்கே ஆபத்தில்லை. ‘அசட்டெ’ என்பதும் நம் ‘அசட்டை’யும் ஒரே சொல்தான். ஆனால் தமிழில் ‘அசட்டையாக’ என்று எழுதும்போது ‘அசட்டுச் சிரிப்பு’ நினைவுக்கு வந்து, அது அசடு தொடர்பானது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ‘சட்டை பண்ணாமல்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை, பேச்சுக்கும் இயல்பு. உண்மையான பள்ளம் ‘சொக்கு’. கன்னடத்தில் அது திமிர். தமிழில் சொக்கினால் ஒருவர் அழகிலோ பாட்டிலோ மயங்கிக் கிடக்கிறார் என்று பொருள். பயிற்சி நடத்துபவர் இரு மொழிக்காரராக இருந்து, ‘வாடிக்கையாளரிடம் சொக்காதீர்கள்’ என்று வாய் தவறினால் வகுப்பே சிரித்துவிடும்.

அனுப்பிய வரைவில் எழுத்துப் பிழைகளும் உண்டு. ‘இருமாப்பு’ அல்ல, ‘இறுமாப்பு’. வினையாக்கும்போது ‘இறுமாப்படைந்து’ என்று நீட்ட வேண்டாம், ‘இறுமாந்து’ என்றாலே போதும். ‘திமிறு’ என்பது பிடியிலிருந்து திமிறுவது, குணத்துக்கு ‘திமிர்’. ‘இலக்காரம்’ தவறு, ளகரம் போனால் இளக்கமும் போய்விடுகிறது. ‘இளக்காரமாகப் பேசினார்’, ‘எகத்தாளமாகச் சிரித்தார்’ என்று ஒற்று மிக வேண்டும். நீங்கள் ஆறு இடத்தில் விட்டிருக்கிறீர்கள், 14ஆம் பக்கத்திலிருந்து பாருங்கள்.